‘இல்லை’ என்று தொடங்காத திட்டம்: வேர்க்காரணத்திலிருந்து நோக்கம் வகுக்கும் முறை

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், பால் சங்கக் கட்டடத்தின் பின்புறம், தார்ப்பாய் போர்த்திய சாப் கட்டர் ஒன்று நெடுநாள் நின்றுகொண்டிருந்தது. அது அங்கே வந்து சேரக் காரணமான திட்ட அறிக்கையை எழுதியவர்களில் நானும் ஒருவன். ‘இவ்வூரில் தீவனம் நறுக்கும் எந்திரம் இல்லை’ என்பது அந்த அறிக்கையின் முதல் வரி. எந்திரம் வந்தது, ஆனால் ஊற்றும் பால் கூடவில்லை. பங்குனி பிறக்கும்போது அங்கே நறுக்குவதற்கு உலர்ந்த பயிர்த்தண்டான தட்டே மிஞ்சுவதில்லை என்பதையும், பல மாடுகள் ஆண்டின் பெரும்பகுதி கறவையிலேயே இருப்பதில்லை என்பதையும் நாங்கள் கேட்டறியாமல் எழுதியிருந்தோம். அந்த ஊரில் மாடு வைத்திருந்த பெண்கள் அனைவருக்கும் இவ்விரண்டும் தெரிந்த செய்திகளே.

ஊர் அளவிலோ குழு அளவிலோ ஒரு திட்டத்தை வகுக்க முனைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மகளிர் சுய உதவிக் குழுவானாலும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனமானாலும், ஊராட்சியானாலும், சிறு தொண்டு நிறுவனமானாலும் முறை ஒன்றுதான்: பிரச்சினைக்கு வேராக இருக்கும் காரணங்களைத் தேடுவது, அக்காரணங்களிலிருந்து நோக்கங்களைப் பெறுவது, ஒன்று நிறைவேறினால் அதனால் அடுத்தது நிறைவேறும்படி அந்நோக்கங்களை அடுக்குவது. கறவை மாடு வளர்ப்பையே தொடர்ந்து எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நம் மானாவாரிப் பகுதியில், வெள்ளாமை கைவிட்ட ஆண்டிலும் வீட்டுச் செலவுக்குப் பணம் தருவது பால்தான் என்பதால், அதைப் பற்றிய தவறான திட்டம் ஒரு குடும்பத்தை நேராகப் பாதிக்கிறது.

இம்முறை 1969-இல் அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமைக்காக லியோன் ரோசன்பெர்க் என்பவரின் தலைமையில் உருவாக்கப்பட்டது. அம்முகமையின் திட்டங்களில் எதை அடையப்போகிறோம் என்பது மங்கலாகவும், எதற்கு எவர் பொறுப்பு என்பது குழப்பமாகவும் இருந்தன. ஆகவே எல்லாவற்றையும் 4 வரிசையும் 4 பத்தியும் கொண்ட ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். அதைத் தருக்கச் சட்டகம் என்கிறோம். தொண்டு நிறுவனத்தார் லாக்ஃபிரேம் என்றே சொல்வார்கள். 1980களில் ஜெர்மனி அரசின் தொழில்நுட்ப ஒத்துழைப்பு நிறுவனமான ஜி.டி.இசட்., அட்டவணையை நிரப்புவதற்கு முன்பே பிரச்சினை மரம் ஒன்றை அட்டைகளால் சுவரில் கட்டியெழுப்பும் படியைத் தன் திட்டங்களில் நிலைநிறுத்தியது. இன்று நிதி கேட்கும் படிவங்களில் அட்டவணை மட்டும் இடம்பெறுவதால், பலரும் மரத்தை விட்டுவிட்டு நேரே கட்டங்களை நிரப்புகிறார்கள். என் அனுபவத்தில் மரம்தான் வேலையின் முக்கால் பங்கு. மரம் சரியாக அமைந்துவிட்டால் அட்டவணையை ஒரு பிற்பகலில் நிரப்பிவிடலாம்.

யாரை அழைப்பது

மாட்டின் உரிமையாளர் என்று சங்கப் பதிவேட்டில் பெயர் உள்ளவரை மட்டும் அழைத்தால், பால் பீச்சுபவர், தீவனம் போடுபவர், சாணம் அள்ளுபவர் ஆகியோர் வராமல் போய்விடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் இம்மூவரும் ஒரே பெண்ணாக இருப்பார். ஆகவே பெயர்ப் பட்டியலை ‘யாருடைய மாடு’ என்று கேட்டுத் தயாரிக்காமல் ‘யார் கையால் நடக்கிறது’ என்று கேட்டுத் தயாரிக்க வேண்டும். அவர்களோடு சங்கச் செயலாளர், பாலைச் சோதிப்பவர், சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுபவர், ஊரில் கொறங்காடு என்னும் வேலியடைத்த மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர் ஆகியோரும் இருக்க வேண்டும். கூட்டத்தைக் காலைப் பாலும் மாலைப் பாலும் குறுக்கிடாத நேரத்தில், ஏறத்தாழ 11 மணிக்குத் தொடங்கி 2 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. பழைய தினசரி நாள்காட்டித் தாள்களின் பின்புறம், தடித்த பேனா, ஒட்டுவதற்கு ஒரு சுவர் ஆகியவை போதும். ஒரு தாளில் ஒரே செய்தியை எழுதுவது கட்டாயம். இரண்டு செய்திகளை ஒரே தாளில் எழுதினால், பிறகு அவற்றைத் தனித்தனி இடங்களுக்கு நகர்த்த முடியாது. எழுதத் தெரியாதவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே மற்றவர் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

முதல் தாளில் எழுத வேண்டியது

நாங்கள் செய்த பிழை முதல் வரியிலேயே நிகழ்ந்தது என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ‘எந்திரம் இல்லை’, ‘பயிற்சி இல்லை’, ‘குளிர்விப்பு நிலையம் இல்லை’, ‘தடுப்பணை இல்லை’ ஆகியவை பிரச்சினைகள் போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட ஒரு தீர்வின் மறுபக்கமே. ‘தடுப்பணை இல்லை’ என்று எழுதியவுடன் தடுப்பணையைத் தவிர வேறெதையும் நினைக்க இடமில்லாமல் போகிறது. நிலத்தடி நீர் இறங்கியதற்கு அளவுக்கு மீறி இறைத்தது காரணமா, குளத்துக்கு வரும் வாய்க்கால் அடைபட்டது காரணமா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

ஆகவே கூட்டத்தில் யாராவது ‘இல்லை’ என்று முடியும் தாளைக் கொண்டுவந்தால் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, ‘அது இல்லாததால் என்ன நடக்குதுங்க?’ என்று கேளுங்கள். ‘சாப் கட்டர் இல்லை’ என்றவர், ‘தட்டை முழுசாப் போட்டா பாதியை மாடு மிதிச்சு வீணாக்குதுங்க’ என்பார். இது கண்ணால் காணக்கூடிய ஒரு நிலை. எவ்வளவு வீணாகிறது, எந்த மாதத்தில், யார் வீட்டில் என்று இதைத் தொடர்ந்து கேட்கலாம். ‘இல்லை’ என்பதைத் தொடர்ந்து ‘வாங்கிக் கொடுங்கள்’ என்பதைத் தவிர எதையும் கேட்க முடியாது.

இவ்வாறு வந்த தாள்களில், எல்லோரையும் பாதிப்பதும், இக்குழு ஏதாவது செய்யக்கூடியதுமான ஒன்றை மையப் பிரச்சினையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாருக்கு, எங்கே, எப்போது, என்ன நிலை என்பது அதில் இருக்க வேண்டும். ‘வறுமை’ என்பது மையப் பிரச்சினையாகாது. அது எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்துவதால் எந்தத் திட்டத்துக்கும் வழி காட்டாது. ‘இவ்வூரில் 2 மாடுகளுக்கு மேல் இல்லாத குடும்பங்களுக்குக் கோடையில் பால் வருமானம் பெரிதும் குறைகிறது’ என்பது பொருத்தமானது.

‘ஏன்’ என்றா, ‘எதனால்’ என்றா

மையத் தாளைச் சுவரின் நடுவில் ஒட்டிவிட்டு, அதற்கு உடனடிக் காரணங்களைக் கீழேயும், அதனால் விளைபவற்றை மேலேயும் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கீழே இருப்பவை வேர்கள், மேலே இருப்பவை கிளைகள். இங்கே கேள்வியின் சொல் முக்கியமானது. ‘ஏன்’ என்று ஒருவரிடம் கேட்டால், தமிழில் அது விளக்கம் கேட்பதாக ஒலிக்கும். கேட்கப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ளும் விடையையே தருவார். ‘எதனால்’ என்று கேட்டால் கேள்வி ஆளை விட்டுவிட்டுக் காரியத்தைப் பற்றுகிறது. ‘ஏனுங்க மாட்டுக்கு ஊசி போடலை?’ என்பதற்கு மௌனமும், ‘எதனாலங்க ஊசி தள்ளிப் போச்சு?’ என்பதற்கு ஒரு முழுக் கதையும் கிடைத்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அவ்வாறு கிடைத்த ஒரு கதையை இங்கே முழுமையாகத் தருகிறேன். வருமானம் குறைவதற்கு மூன்று காரணங்கள் முதல் வரிசையில் ஒட்டப்பட்டிருந்தன: கறக்கும் பால் குறைகிறது, ஊற்றும் பாலில் கொழுப்பும் ‘டிகிரி’யும் (பாலின் அடர்த்தியைக் காட்டும் அளவு) வராததால் லிட்டருக்குக் கிடைக்கும் விலை குறைகிறது, மாடு கறவையில் இல்லாத மாதங்கள் அதிகமாக உள்ளன. முதல் இரண்டைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது தாளைக் காட்டி, எதனால் என்று கேட்டோம். ‘மாடு சினை நிற்பதில்லை’ என்றார்கள். எதனால்? ‘ஊசி போட்டும் நிற்பதில்லை’ என்றார்கள். சினை ஊசி போடுபவர், சினைப்பருவம் முடிந்த பிறகு அழைத்தால் தாம் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். எதனால் தாமதமாக அழைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, அதுவரை பேசாதிருந்த ஒரு மூதாட்டி விடை சொன்னார்: ‘அது ராத்திரியிலதானுங்க தம்பி கத்துது. வெடியால நாங்க பாக்கறப்ப அடங்கிப் போயிருது.’

அந்த ஒரு விடையில் மாட்டின் உடலியல் முழுவதும் அடங்கியிருந்தது. மாடு ஏறத்தாழ 21 நாள்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. அறிகுறிகள் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். கத்துதல், கண்ணாடி போன்ற வழும்பு, மற்ற மாட்டின் மேல் தாவுதல் ஆகியவை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் தென்படுகின்றன. காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது பொது விதி. கடும் வெயில் காலத்தில் கலப்பின மாடுகளில் அறிகுறிகளே மங்கிப்போவதும் உண்டு. கன்று ஈன்ற 90 நாள்களுக்குள் சினை நின்றால், சினைக்காலமான 280 நாள்களைச் சேர்த்து, ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒரு கன்று கிடைக்கும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் கூடுகிறது. 4 பருவங்களைத் தவறவிட்டால் 84 நாள்கள், அதாவது ஏறத்தாழ 3 மாதங்கள், பாலே தராத மாட்டுக்குத் தீவனம் போட வேண்டியிருக்கிறது. அதுவரை ‘நல்ல மாடு இல்லை’ என்றும், ‘கடன் கிடைத்தால் வேறு மாடு வாங்கலாம்’ என்றும் எழுதப்பட்டிருந்த தாள்களை, அவற்றை எழுதியவர்களே சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிய மாடு வாங்கினாலும் அதுவும் இரவில்தானே கத்தும் என்று ஒருவர் சொன்னார்.

தொழிற்சாலைகளில் இதற்கு நெருங்கிய முறை ஒன்று வழக்கத்தில் இருக்கிறது. டொயோட்டா நிறுவனத்தின் தாய்ச்சி ஓனோ, நின்றுபோன ஓர் எந்திரத்தைப் பற்றி ஐந்து முறை காரணம் கேட்டு, ஃபியூஸ் போனதில் தொடங்கி, தாங்கியில் (பேரிங்கில்) எண்ணெய் போதாமை, எண்ணெய்ப் பம்ப்பின் குறை, அதன் தண்டின் தேய்மானம் என்று இறங்கி, வடிகட்டி வைக்கப்படாததால் உலோகத் துகள் உள்ளே போனதே காரணம் என்று கண்ட எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. கோவை வார்ப்பாலையிலோ திருப்பூர் நிட்டிங் கூடத்திலோ ஓர் எந்திரத்தின் கோளாறுக்கு இந்த ஒற்றை நூல் போதும். ஊர்ப் பிரச்சினையில் ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று காரணங்கள் கிளைத்துச் செல்வதால் மரம் தேவைப்படுகிறது. ஐந்து என்ற எண்ணுக்கும் அங்கே தனி மதிப்பு எதுவும் இல்லை.

எங்கே நிறுத்துவது என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. கூட்டத்தில் இருப்பவர்களோ அவர்கள் அணுகக்கூடிய ஒருவரோ மாற்றக்கூடிய காரணம் வந்ததும் நிறுத்துங்கள். ‘மழை பொய்த்தது’ என்பது உண்மையான காரணம்தான் என்றாலும் யாராலும் மாற்ற முடியாதது. அதைத் தனிச் சுவரில் ஒட்டி வையுங்கள், பிறகு அது தேவைப்படும். ஆனால் மழைக்கு ஒருபடி இப்பால் நின்று, ‘மழை பொய்த்த ஆண்டில் எதனால் சிலர் வீட்டு மாடு மட்டும் இளைக்காமல் இருக்கிறது?’ என்று கேட்டால், கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் உள்ள கொறங்காட்டைப் பகுதி பகுதியாக அடைத்து மேய்ப்பவர்களும், அறுவடையின்போதே தட்டுப்போரை நனையாமல் வேய்ந்து வைத்தவர்களும் கண்ணில் படுவார்கள். அங்கே மாற்றக்கூடிய காரணங்கள் உள்ளன.

மரம் முடிந்ததும் அதைச் சோதிக்காமல் கலையக் கூடாது. கீழிருந்து மேலாக ஒவ்வோர் இணைப்பையும் ‘இது நடப்பதால் அது நடக்கிறது’ என்று உரக்க வாசியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் ஒரு தாள் விடுபட்டிருக்கும். பிறகு ஏடுகளைப் பாருங்கள். பால் அட்டையில் மாதவாரியாகப் பால் அளவும், சோதனைப் புத்தகத்தில் கொழுப்பு அளவும், கருவூட்டல் பதிவேட்டில் ஊசி போட்ட நாளும் கன்று ஈன்ற நாளும் இருக்கும். எல்லோரும் தீவனத்தையே குறை சொன்னாலும், இரண்டு கன்றுகளுக்கு இடைப்பட்ட காலம் ஒன்றரை ஆண்டு என்று பதிவேடு சொன்னால், பதிவேட்டின் பக்கம் நில்லுங்கள்.

மரத்தைத் திருப்புதல்

ஒவ்வொரு தாளிலும் உள்ள குறைநிலையை, அது தீர்ந்த பின் இருக்கும் நிலையாக மாற்றி எழுதினால் நோக்க மரம் கிடைக்கும். ‘பருவ அறிகுறி கண்ணில் படாமல் போகிறது’ என்பது ‘பருவ அறிகுறி அன்றன்றே கண்டறியப்படுகிறது’ என்றாகும். இங்கே வினைமுடிவைக் கவனியுங்கள். ‘பயிற்சி அளித்தல்’, ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’, ‘எந்திரம் வழங்குதல்’ என்று ‘-தல்’ ஈற்றில் முடிவன எல்லாம் நாம் செய்யும் பணிகள். நோக்கம் என்பது ஒரு நிலை. ஆகவே ‘கண்டறியப்படுகிறது’, ‘கிடைக்கிறது’, ‘நிற்கிறது’ என முற்றுவினையில் முடியும்படி எழுதுவதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். பயிற்சி நடந்தும் யாரும் எதையும் மாற்றிக்கொள்ளாத திட்டங்கள் பெருகியிருப்பதற்கு, பணியையே நோக்கமாக எழுதும் பழக்கமே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாத் தாள்களும் திரும்பிவிடுவதில்லை. ‘மழை பொய்க்கிறது’ என்பதைத் திருப்பி ‘மழை பெய்கிறது’ என்று எழுதி அதற்குப் பணம் ஒதுக்க முடியாது. திருப்பிய பின் மேலே உள்ள நிலை உண்மையிலேயே கிடைத்துவிடுமா என்பதையும் பார்க்க வேண்டும். பருவம் உடனே கண்டறியப்பட்டாலும், தாது உப்புக் குறையால் கருப்பை நலம் கெட்ட மாடு சினை நிற்காது. எனவே ‘மாடுகளுக்கு நாள்தோறும் தாது உப்புக் கலவை கிடைக்கிறது’ என்ற புதிய தாள், பிரச்சினை மரத்தில் இல்லாவிட்டாலும், இங்கே சேர வேண்டும்.

அடுத்து, மரத்தின் எல்லா வேர்களையும் ஒரே குழு பிடிக்க முடியாது என்பதால் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செலவு, காலம், குழுவின் திறன், வேறு யாராவது அதைச் செய்துகொண்டிருக்கிறார்களா என்பனவற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். தெரியாத வேலையைப் பெரிய தொகைக்காக எடுத்துக்கொள்வதைவிட, தெரிந்த வேரைப் பிடிப்பதே மேல்.

நான்கு படிகள்

தேர்ந்தெடுத்த பகுதி அட்டவணையின் முதல் பத்தியில் நான்கு படிகளாக ஏறுகிறது. அடியில் பணிகள், அவற்றின் மேல் விளைவுகள், அதன் மேல் நோக்கம், உச்சியில் இறுதிப் பயன். நம் எடுத்துக்காட்டில், சிறு குடும்பங்களின் வருமானம் கோடையிலும் குறையாமல் நிற்பது இறுதிப் பயன். மாடுகள் ஈன்ற பின் காலத்தோடு மீண்டும் சினை நிற்பது நோக்கம். பருவம் கண்டறியப்படுவது, ஊசி உரிய நேரத்தில் போடப்படுவது, தாது உப்பும் பசுந்தீவனமும் கோடையிலும் கிடைப்பது ஆகியவை விளைவுகள். இரவு 9 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் மாட்டைப் பார்க்கும் பழக்கத்தை வீடுகளில் உண்டாக்குவது, ஒவ்வொரு மாட்டுக்கும் 21 நாள் கணக்கைக் குறிக்கும் நாள்காட்டியைத் தொழுவத்தில் தொங்கவிடுவது, ஊசி போடுபவரோடு அழைப்பு முறை ஒன்றை ஒப்புக்கொள்வது, கிணற்று வாய்க்கால் ஓரத்தில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-5 கம்பு நேப்பியர் புல்கரணைகளை நடுவது ஆகியவை பணிகள்.

நோக்கம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு நோக்கங்களை எழுதினால், நெருக்கடி வரும்போது எதை விட்டு எதைக் காப்பது என்று குழு தடுமாறும். இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ளுங்கள்: விளைவுகளுக்கு நாம் முழுப் பொறுப்பேற்கிறோம், நோக்கம் நிறைவேறுவதோ அவ்விளைவுகளை ஊரார் பயன்படுத்துவதைப் பொறுத்தது. நாள்காட்டியைத் தொங்கவிடுவது நம் கையில். அதைப் பார்த்து இரவில் எழுந்து செல்வது அவர்கள் கையில். இதனால்தான் விளைவிலிருந்து நோக்கத்துக்கு ஏறும் படியே எல்லாத் திட்டங்களிலும் மிக உயரமானது. அங்கே ‘இவை நடந்தால் அது நடக்கும்’ என்று சொல்லி, எதிர்க்கருத்து வருகிறதா என்று வெகு நேரம் காத்திருங்கள்.

அளவும் சான்றும்

இரண்டாவது பத்தியில் ஒவ்வொரு படிக்கும் அளவுகோல் எழுத வேண்டும். எவ்வளவு, எத்தகைய, எங்கே, யாருக்கு, எப்போதைக்குள் என்ற ஐந்தும் அதில் அமைய வேண்டும். விளக்கத்துக்காக, ஓர் ஊரில் 40 குடும்பங்களிடம் 60 கறவை மாடுகள் உள்ளன என்றும், இரு கன்றுகளுக்கு இடைப்பட்ட காலம் இப்போது சராசரியாக 18 மாதம் என்றும் வைத்துக்கொள்வோம். ‘சினைப்பிடிப்பு மேம்படும்’ என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியாது. ‘மூன்றாம் ஆண்டின் இறுதிக்குள், 2 மாடுகளுக்கு மேல் இல்லாத குடும்பங்களின் மாடுகளில், இரு கன்றுகளுக்கு இடைப்பட்ட காலம் 18 மாதத்திலிருந்து 14 மாதமாகக் குறைந்திருக்கும்’ என்பது அளவுகோல். ஓராண்டில் என்று எழுதாமல் மூன்றாம் ஆண்டு என்று எழுதியதற்குக் காரணம், சினைக்காலமே 9 மாதத்துக்கு மேல் என்பதுதான்; மாட்டின் காலக்கணக்கை நிதி ஆண்டின் காலக்கணக்குக்குள் திணித்தால், இல்லாத வெற்றியை எழுத வேண்டி வரும். தொடக்க அளவை வேலை தொடங்குமுன்பே எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், அதை விட்டுவிடுபவர்கள் இன்னமும் பலர்.

மூன்றாவது பத்தி, அந்த அளவை எந்த ஏட்டில், யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள் என்பதற்கானது. ஏற்கெனவே எழுதப்படும் ஏடுகளையே பயன்படுத்துங்கள். பால் அட்டையும் கருவூட்டல் பதிவேடும் இருக்கும்போது, புதிய படிவம் ஒன்றை அச்சடித்து, விடியலில் எழுந்து வேலை செய்யும் பெண்ணிடம் நிரப்பித் தரக் கேட்பது நியாயமாகாது. சான்று கிடைக்கவே வழியில்லை என்றால் அளவுகோலை மாற்றுங்கள்.

நம் கையில் இல்லாதவை

நான்காவது பத்தியில் அனுமானங்கள் வருகின்றன. பெரும்பாலோர் ‘அரசியல் நிலைமை சீராக இருக்கும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துசெல்லும் இடம் இது. கொங்கு நாட்டார் இதை அவ்வாறு கடக்கக் கூடாது, ஏனெனில் எழுதப்படாத அனுமானம் என்ன செய்யும் என்பதற்கு நம் நடுவிலேயே சான்று இருக்கிறது. நொய்யலின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகில், ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை பாசனத்துக்காக எழுப்பப்பட்டது. ஆற்றில் வரும் நீர் பயிருக்கு ஏற்றதாக இருக்கும் என்பது அத்திட்டத்தின் அடியில் கிடந்த அனுமானம். மேலே திருப்பூரில் பின்னலாடைத் தொழிலோடு சாயப் பட்டறைகளும் பெருகி அவற்றின் கழிவு ஆற்றில் கலந்தபோது, நீரைத் தேக்க வேண்டிய அணை தேக்கும் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. தேங்கியது மட்டும் சாயக் கழிவாகிவிட்டது. சுற்றுப்புறக் கிணறுகள் கெட்டன, உழவர்கள் நீதிமன்றம் சென்றனர், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் இழந்ததை நினைக்கும்போதெல்லாம், இந்தப் பத்தியை அவசரமாக நிரப்ப எனக்குக் கை வருவதில்லை.

இன்றைக்கும் இதே கேள்வி பொருந்தும். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பவானியாற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரை நீரேற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசெல்வதற்கானது. தம் ஊர்க் குட்டை நிரம்பும் என்று நம்பித் தீவனப் புல் திட்டம் வகுப்பவர், ‘பவானியில் உபரி நீர் வரும்’ என்பதையும், ‘குட்டையின் நீர் அருகிலுள்ள கிணறுகளுக்குச் சுவறும்’ என்பதையும் தனித்தனி அனுமானங்களாக எழுத வேண்டும். உபரி என்ற சொல்லே, வராத ஆண்டும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஒவ்வோர் அனுமானத்தையும் எழுதிய பின் மூன்று கேள்விகளால் சலிக்கலாம். அது நிறைவேறுவது ஏறத்தாழ உறுதியா? அப்படியானால் அட்டவணையிலிருந்து நீக்கிவிடுங்கள். நிறைவேறக்கூடும், ஆனால் உறுதியில்லை என்றால், அதை வைத்துக்கொண்டு, யார் கண்காணிப்பது என்று ஒருவர் பெயரை எழுதுங்கள். நிறைவேறாது என்றே தோன்றுகிறது, நிறைவேறாவிட்டால் திட்டமே நிற்கும் என்றால், பணிகளை மாற்றுங்கள். மாற்ற வழியில்லை என்றால் திட்டத்தைக் கைவிடுவதே நேர்மையான முடிவு. நம் எடுத்துக்காட்டில், சினை ஊசி போடுபவர் அழைத்த நேரத்துக்கு வருவார் என்பது இரண்டாம் வகை. அவருக்குப் பல ஊர்கள் பொறுப்பு என்றால் அது மூன்றாம் வகைக்கு மாறிவிடும். அப்போது ஊரிலிருந்தே ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புவது பணிகளில் சேர வேண்டும். முன்பு தனிச் சுவரில் ஒட்டி வைத்த ‘மழை பொய்க்கிறது’ என்ற தாளும் இப்போது இங்கே வருகிறது: மழை பொய்த்தாலும் கிணற்றோரப் புல்லுக்கு நீர் போதுமா என்று கேட்டு, போதாது என்றால் நடும் பரப்பைக் குறைத்து, தட்டை வேய்ந்து சேமிக்கும் பணியைக் கூட்டுங்கள். கால்நடைகளைத் தாக்கும் தோல் கழலை நோயையும் கோமாரியையும் அனுமானமாக விட்டுவைக்காமல், தடுப்பூசி நாள்களைப் பணிப் பட்டியலிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

இதன் பிறகு பணிகளுக்குக் காலமும் செலவும் ஆளும் குறிப்பது எளிது. காலத்தை ஆடி, புரட்டாசி, தை என்று ஊரார் நினைக்கும் மாதங்களில் குறித்து, நிதி கொடுப்பவருக்கான பிரதியில் மட்டும் ஆங்கில மாதங்களை எழுதினால், நடுவதும் அறுப்பதும் திட்டத்தோடு மோதாது. செலவில் ஒவ்வொரு வரியும் ஏதாவதொரு பணியைச் சார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எதையும் சாராத வரி இருந்தால், அது யாரோ ஒருவர் முன்பே மனத்தில் வைத்திருந்த எந்திரமாக இருக்கும்.

அனுப்புவதற்கு முன், முடிந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு அதே சங்கத் திண்ணைக்குப் போங்கள். மாலைப் பால் ஊற்ற வரும் பெண்களிடம் முதல் பத்தியைக் கீழிருந்து மேலாக, ‘இதைச் செய்தால் இது நடக்கும், இது நடந்தால் அது நடக்கும்’ என்று நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்தப் படியில் ‘அதெப்படிங்க ஆகும்?’ என்று கேட்கிறார்களோ, அந்தப் படியைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு, மறுநாள் 11 மணிக்கு மீண்டும் அந்தச் சுவரின் முன்னால் அவர்களோடு உட்காருங்கள்.